மறந்து உப்புப் பார்த்தேன், பிறகு தெரிந்தே தேத்தண்ணி குடித்தேன்: மிச்ச நோன்பை என்ன செய்வது?

வயல்வரம்பு (2024 மார்ச் 7, வியாழன் இரவு 9.10)

எல்லோருக்கும் அல்லா-உ-அப்ஹா.

நான் ஒட்டுசுட்டான் பக்கம். வீட்டில் நானும் கணவரும் பஹாய் சமயம், மாமி சைவம். இது எனக்கு நாலாவது வருட நோன்பு, 19 நாளும் சூரியன் உதித்ததிலிருந்து மறையும் வரை சாப்பாடும் தண்ணீரும் இல்லை. முதல் ஐந்து நாளும் நன்றாகவே போனது.

நேற்று, ஆறாம் நாள், எங்கள் வயலில் அறுவடை. மெஷின் கிடைக்கிற அன்றுதானே வெட்ட முடியும், அதனால் நாளை மாற்ற வழியில்லை. எட்டுப் பேருக்குச் சமையல். பூசணிக்காய்க் கறியை இறக்கிவிட்டுக் கருவாட்டுக் குழம்பை வைத்தேன். அது கொதித்து வர, அகப்பையால் இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். உப்புக் காணாது. கொஞ்சம் போட்டுக் கலக்கி, திரும்பவும் உள்ளங்கையில் விட்டேன். இரண்டாம் தடவை கை வாய்க்குக் கிட்டப் போகும்போதுதான் நோன்பு நினைவுக்கு வந்தது. அப்படியே கையை நீட்டியபடி நின்றேன். குழம்பு முழங்கை வரைக்கும் வழிந்தது.

மாமி பார்த்துவிட்டார். "விரதம் முறிஞ்சு போச்சுப் பிள்ளை, இனி என்னத்துக்குக் காயுறாய், இந்தா தேத்தண்ணியைக் குடி" என்று ஊற்றித் தந்தார். பாசத்தில்தான் சொன்னார். நான் வாங்கிக் குடித்தேன், மறந்து போயல்ல. பிறகு மத்தியானம் எல்லோரோடும் இருந்து சாப்பிட்டேன். இன்று விடிய எழும்பவே மனம் வரவில்லை. "நேற்றே போச்சு, இனி என்ன" என்று இன்றும் விட்டுவிட்டேன். இப்போது இரவாகிவிட்டது, நெஞ்சு கனத்துப் போய் இருக்கிறேன்.

சின்ன வயதில் அம்மாவோடு கந்தசஷ்டி பிடித்தவள் நான். ஆறு நாளில் ஒரு நாள் முறிந்தால் ஆறும் போச்சு என்று வளர்ந்தவள். இதுவும் அப்படித்தானா? விட்ட இரண்டு நாளையும் எங்கள் புத்தாண்டான நவ்ரூஸ் முடிந்து பிடிக்கலாமா?

இரணைமடுக்காற்று (மார்ச் 7, இரவு 9.52)

தங்கச்சி, முதலில் ஒரு விஷயம். எங்களுக்கு நாள் மாறுவது சூரியன் மறையும்போது. இன்று 6.20 போல இருட்டியது. நீங்கள் 9.10க்கு "ஏழாம் நாளும் போச்சு" என்று எழுதிக்கொண்டிருந்தபோது எட்டாம் நாள் பிறந்து கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் ஆகிவிட்டது. ஆகவே நீங்கள் இப்போது இருப்பது புது நாளுக்குள்.

நடந்ததை ஒரே கட்டாகக் கட்டித் தலையில் வைத்திருக்கிறீர்கள். அவிழ்த்துப் பார்த்தால் அதில் மூன்று விஷயம் இருக்கிறது.

உப்புப் பார்த்தது தவறே இல்லை. நோன்பு நேரத்தில் நினைவில்லாமல் சாப்பிட்டால் அது தற்செயலாக நடந்தது, நோன்பை முறித்ததாகாது என்று எங்கள் சமயத்தின் பாதுகாவலராக இருந்த ஷோகி எஃபெண்டியின் சார்பில் எழுதிய கடிதமொன்றில் தெளிவாகவே இருக்கிறது. கையைக் கழுவி, வாயைக் கொப்பளித்து, அப்படியே தொடர்ந்திருக்கலாம். அந்த நிமிடம் வரைக்கும் உங்கள் ஆறாம் நாள் முழுசாகத்தான் இருந்தது.

தேத்தண்ணியும் சாப்பாடும் வேறு. அது நீங்கள் தெரிந்து செய்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், நான் அதைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை. அதற்கான மன்னிப்பைக் கடவுளிடம்தான் கேட்க வேண்டும். இன்னொரு மனிதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குவதை எங்கள் சமயத்தை நிறுவிய பஹாவுல்லா தடுத்திருக்கிறார், அதனால் நான் "பரவாயில்லை" என்று சொன்னாலும் "பெரிய பிழை" என்று சொன்னாலும் இரண்டுக்கும் பெறுமதி இல்லை.

மூன்றாவது இன்றைய நாள். எனக்குக் கவலை தருவது இதுதான். நேற்றைய தேத்தண்ணி ஒரு நாளோடு போயிருக்க வேண்டியது, அதன் கையில் இன்றைய நாளையும் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள்.

பிறகு பிடிக்கலாமா என்று கேட்டீர்கள். இல்லை. நோன்பு அதற்கென ஒதுக்கிய மாதத்துக்குள் மட்டும்தான், விட்ட நாளுக்குப் பதில் நாள் கிடையாது. இடையில் சுகமில்லாமல் போய் விட்டவர், சுகம் வந்ததும் மிச்ச நாட்களைத் தொடரலாம் என்று அதே கடிதம் சொல்கிறது. ஒரு நாள் போனால் எல்லாம் போகும் என்ற கணக்கு இங்கே இல்லை. 19இல் உங்களுக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது.

நாளை சிவராத்திரி. உங்கள் மாமியும் விரதம் இருப்பார்தானே? வீட்டில் பகல் அடுப்பு எரியாத நாள். தொடங்க இதைவிட நல்ல நாள் வராது.

கருக்கல் (மார்ச் 7, இரவு 10.31)

இரணைமடுக்காற்று அக்காவின் மேல் மரியாதை இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு ஆதங்கம். ஒவ்வொரு வருடமும் நோன்பு வந்தால் இங்கே ஆளுக்கொரு விலக்குத் தேடுகிறோம். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு பஸ்சில் போகிறவர் "நான் பிரயாணி" என்கிறார். அது இரண்டு மணித்தியாலம் கூட வராத பயணம். விலக்கு ஒன்பது மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு, நடந்து போனால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். பஹாவுல்லாவின் சட்டநூலான கிதாப்-இ-அக்தஸில் நோன்பும் கட்டாயப் பிரார்த்தனையும் எவ்வளவு உயரத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டே போனால் அடுத்த தலைமுறைக்கு எதைக் கொடுக்கப் போகிறோம்?

வயல்வரம்பு அக்கா, உங்களைக் குறைசொல்ல எழுதவில்லை. நீங்கள் வேதனைப்படுவது நல்ல அடையாளம் என்றே நினைக்கிறேன்.

வவுனியா_நானா (மார்ச் 8, காலை 7.05)

தங்கச்சி, நான் முஸ்லிம். இங்கே வாசிக்க மட்டும்தான் வருவேன், இதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

எங்களிடமும் மறந்து சாப்பிட்டவருக்கு நோன்பு முறியாது. நினைவு வந்ததும் நிறுத்திவிட்டு நோன்பை முழுமையாக்க வேண்டும், அவருக்கு உண்ணவும் குடிக்கவும் கொடுத்தது அல்லாஹ் என்று நபிமொழி இருக்கிறது. தெரிந்து விட்டால் ரமழானுக்குப் பிறகு அந்த நாளைக் களாச் செய்ய வேண்டும். கடனை அடைப்பது போல. உங்களுக்குக் களா இல்லை என்று இப்போதுதான் அறிந்தேன். யோசித்துப் பார்த்தால் அது இலகு இல்லை. கடன் என்றால் கொடுத்துத் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். உங்களுக்கு நாளையைத் தவிர வேறு வழி வைக்கவில்லை.

எங்கள் நோன்பும் இன்னும் நாலைந்து நாளில் தொடங்குகிறது. உங்களுக்காக துஆச் செய்கிறேன்.

உயர்தரம்_பிள்ளை (மார்ச் 8, காலை 10.40)

அக்கா, எனக்கு 17 வயது. 15இலிருந்து பிடிக்கிறேன். திங்கட்கிழமை ரியூசன் முடிந்து கடையடியில் நின்றபோது கூட்டாளி எனக்கும் சேர்த்து றோல்ஸ் வாங்கிவிட்டான். நோன்பு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னால் "அதென்ன நோன்பு, நீ சோனகரா" என்று கேட்பான்கள், விளக்கம் சொல்லி முடியாது. சாப்பிட்டேன். மறக்கவில்லை, பசிக்கவும் இல்லை. நான் செய்தது எந்த வகை?

இரணைமடுக்காற்று (மார்ச் 8, காலை 11.15)

தம்பி, வகை பிரித்துத் தர நான் ஆளில்லை. இனி இதை யாருக்கும் நீர் சொல்லவும் தேவையில்லை. இரவில் பிரார்த்தனைக்கு இருக்கும்போது உம்முடைய கணக்கை நீரே பாரும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உமக்குக் கஷ்டமாக இருந்தது பசியா, அந்த ஒரு வசனமா? வசனம்தான் என்றால் அதை இப்போதே தயார்செய்து வையும். "நான் பஹாய், இந்த மாதம் பகலில் சாப்பிடமாட்டேன், உன் றோல்ஸை ஆறரைக்குச் சாப்பிடுகிறேன், வைத்திரு." இவ்வளவு போதும். வன்னியில் விரதம் தெரியாத பிள்ளை யார்? வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவனும் தவக்காலம் பிடிப்பவனும் அந்தக் கடையடியில்தான் நிற்கிறார்கள்.

பரந்தன்சந்தி (மார்ச் 8, பிற்பகல் 2.20)

நான் மூன்று வருடமாக யாரிடமும் கதைக்காத ஒன்றை எழுதுகிறேன். பாவமன்னிப்புக்காக இல்லை. இதே இடத்தில் வேறு யாராவது தடக்கி நிற்கலாம் என்பதற்காக.

என் நோன்பை ஒவ்வொரு வருடமும் முறித்தது என் அம்மாவின் தேத்தண்ணி.

அம்மாவும் நானும் 2009இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் வந்தவர்கள். அங்கே கஞ்சி கொடுக்கிற இடத்தில் அம்மா என்னை வரிசையில் விட்டுவிட்டு, தான் இன்னொரு வரிசையில் நிற்பார். அரிசியும் உப்பும் தண்ணீரும். தனக்குக் கிடைத்ததையும் என் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு "நான் குடிச்சிட்டன்" என்பார். எனக்கு அப்போது பதினொரு வயது, நம்பினேன்.

இப்போது வீட்டில் அரிசி மூட்டை இருக்கிறது, கோழி இருக்கிறது. நான் பட்டினி கிடக்கிறேன் என்றால் அம்மாவுக்கு அது நோன்பாகத் தெரியவில்லை. கடவுளுக்காக என்று விளங்கப்படுத்தினேன், தலையாட்டுவார். பின்னேரம் மூன்று மணிக்குக் கையில் தேத்தண்ணியோடு வந்து நிற்பார். எதுவும் சொல்லமாட்டார். கோப்பையின் விளிம்பில் ஆவி போய்க்கொண்டிருக்கும், அம்மாவின் கை லேசாக நடுங்கும். நான் வாங்கிக் குடிப்பேன்.

முதல் வருடம் நான்கு நாள். இரண்டாம் வருடம் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் இரவில் என்னை நானே திட்டிக்கொண்டு, அடுத்த நாள் அம்மாமேல் எரிந்து விழுந்தேன். அதுதான் உண்மையான கேடு. நோன்பு வைத்துக்கொண்டு தாயை அழவைத்தேன்.

போன வருடம்தான் ஒன்று பிடிபட்டது. அம்மாவுக்குத் தேவைப்பட்டது நான் சாப்பிடுவதைத் தன் கண்ணால் காண்பது. நான் விடிய தனியே எழும்பி, அம்மாவை எழுப்பக்கூடாது என்று சத்தமில்லாமல் பாணைக் கடித்துவிட்டு இருந்தேன். அவர் கண்டது பகல் முழுக்கக் காயும் பிள்ளையை மட்டும். இந்த வருடம் முதல் நாளே "அம்மா, விடிய ஐந்து மணிக்கு எனக்குப் புட்டு அவித்துத் தரவேணும்" என்று கேட்டேன். நாலே முக்காலுக்கு எழும்பிவிடுகிறார். நான் சாப்பிட்டு முடியும் வரை எதிரில் குந்தியிருந்து பார்ப்பார், இன்னும் கொஞ்சம் என்று வைப்பார். 6.20க்குச் சூரியன் வரும் முன் தண்ணீர்ச் செம்பையும் கொண்டுவந்து தருவார். மூன்று மணித் தேத்தண்ணி இந்த வருடம் இன்னும் வரவில்லை. இன்று எட்டாம் நாள்.

வயல்வரம்பு அக்கா, உங்கள் மாமியும் "என்னத்துக்குக் காயுறாய்" என்றுதானே கேட்டார். அந்தச் சொல்லை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் பக்கத்து மூத்தவர்கள் எவருக்கும் பசி என்பது வெறும் சொல் இல்லை.

கருக்கல் (மார்ச் 8, பிற்பகல் 3.45)

பரந்தன்சந்தி அண்ணா, இரண்டு தரம் வாசித்தேன். நேற்று நான் எழுதிய சட்டம் சட்டம்தான், அதை மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் விலக்குத் தேடுகிறவரும் தடக்கி விழுகிறவரும் ஒன்றில்லை. நேற்று நான் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டேன், அக்கா மன்னிக்க வேண்டும்.

முத்தையன்கட்டு (மார்ச் 8, இரவு 8.30)

பிள்ளையள், நான் எழுத்து வேலைக்குப் பழக்கமில்லாதவன், மகள் தட்டித் தருகிறாள். எனக்கு 63 வயது. 70 தாண்டினால் கட்டாயமில்லை, அதுவரைக்கும் விடுவதில்லை என்று இருக்கிறேன்.

என் பிழை மற்றப் பக்கத்துப் பிழை. ஆறு வருடத்துக்கு முந்தி அறுவடை நேரம், நோன்பு. நெல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். கடும் வேலை செய்கிறவருக்கு விலக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாலிபப் பொடியங்கள் பார்க்கிறார்கள், நான் விட்டால் என்ன நினைப்பார்கள் என்று பிடிவாதமாகத் தூக்கினேன். பன்னிரண்டு மணி வெயில். பதினெட்டாவது மூட்டையோ என்னவோ, வரம்பில் கால் வைத்தது தெரியும், பிறகு தெரிந்தது ஆசுபத்திரிக் கட்டிலும் சேலைனும்தான். பிரஷர் இருந்தும் காலையில் குளிசை போடவில்லை. உடம்பு சரியில்லாத நேரம் நோன்பு பிடிக்கவே கூடாது என்று பஹாவுல்லா சொல்லியிருக்கிறார். நோன்பின் சிறப்பு சுகத்தோடு இருக்கும்போதுதான். நான் அந்தச் சொல்லை மீறித்தான் விழுந்தேன். ஊரில் எல்லோரும் "ஐயா நோன்பில் விழுந்தவர்" என்று பெருமையாகச் சொன்னார்கள், எனக்கு அதைக் கேட்கவே கூச்சம்.

இப்போது மூட்டை தூக்கும் நாளில் சாப்பிடுகிறேன். அப்படியான நாட்களில் சட்டத்துக்கு மரியாதையாகக் குறைவாகவும் மறைவாகவும் சாப்பிடுவது நல்லது என்று சொல்லப்பட்டிருக்கிறது. கொட்டிலுக்குப் பின்னால் இருந்து ஒரு கோப்பை கஞ்சி. தூக்குகிற வேலை இல்லாத நாளில் நோன்பு.

வயல்வரம்புப் பிள்ளை, மார்ச் வெயிலில் விறகடுப்பில் எட்டுப் பேருக்குச் சமைத்தாய். அது கடும் வேலையா இல்லையா என்று நான் சொல்லமாட்டேன், உன் உடம்புக்கும் மனதுக்கும் தெரியும். அடுத்த அறுவடைக்கு முதல் நாள் இரவே யோசித்து முடிவெடு. அகப்பை கையில் இருக்கும்போது முடிவெடுத்தால் பசிதான் தீர்ப்புச் சொல்லும்.

சிலாவத்தைக்காரி (மார்ச் 9, காலை 9.20)

பெண்களுக்காக ஒரு சின்னக் குறிப்பு, ஏனென்றால் போன வருடம் இதை அறியாமல் நானும் அழுதேன். மாதவிலக்கு நாட்களில் நோன்பு இல்லை. அதற்குப் பதிலாகக் கைகால் முகம் கழுவி, ஒரு மத்தியானத்திலிருந்து அடுத்த மத்தியானத்துக்குள் கடவுளைப் போற்றும் அந்தச் சிறு வசனத்தை 95 தடவை சொல்லலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் விலக்கு உண்டு. இவற்றை "விட்ட நாள்" என்று எண்ணாதேயுங்கள். நான் அந்த 95ஐயும் கிணற்றடியில் வேப்பமரத்தின் கீழே இருந்து சொல்வேன். நோன்பு நாட்களில்கூட எனக்கு அவ்வளவு அமைதி வந்ததில்லை.

முறிகண்டி_வழிப்போக்கன் (மார்ச் 10, மாலை 7.10)

இன்று எனக்கும் நடந்தது. ஏ9இல் வந்த பஸ் வழக்கம்போல முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்றது. பக்கத்து சீற்றில் ஒரு அம்மா கச்சான் வாங்கி வந்து, கேட்காமலே என் கையில் ஒரு பிடி வைத்தார். கதைத்துக்கொண்டே கோதை உடைத்தேன். மாங்குளம் தாண்டிய பிறகுதான் மடியில் கிடந்த கோதுகளைக் கண்டேன். எட்டோ ஒன்பதோ இருக்கும்.

இந்த இழையை நேற்று வாசித்திருந்தபடியால் கலங்கவில்லை. மிச்சக் கச்சானை அந்த அம்மாவின் பேரனிடம் கொடுத்துவிட்டு, கோதைப் பொறுக்கிப் பையில் போட்டு, அப்படியே நோன்போடு வந்து சேர்ந்தேன். வாசித்திருக்காவிட்டால் வவுனியாவில் இறங்கின உடனே கொத்துக்கடைதான்.

மட்டுறுத்துநர் (மார்ச் 10, இரவு 8.00)

ஒரு வேண்டுகோள். அனுபவம் பகிர்வது நல்லது. ஆனால் யாரையும் "எத்தனை நாள் விட்டீர்கள்" என்று கேட்க வேண்டாம். அப்படியான இரண்டு கேள்விகளை நீக்கியிருக்கிறோம். நோன்பு பிடிப்பதும் விடுவதும் அவரவருக்கும் கடவுளுக்கும் இடையிலானது.

வயல்வரம்பு (மார்ச் 14, வியாழன் இரவு 7.30)

ஒரு கிழமையாக எல்லாவற்றையும் வாசித்தேன், பதில் எழுதத்தான் நேரம் வரவில்லை.

சிவராத்திரி அன்று தொடங்கினேன். விடிய ஐந்தரைக்குச் சாப்பிட்டேன், மாமி எதுவும் சாப்பிடவில்லை. பகல் முழுக்க இரண்டு பேரும் திண்ணையில் இருந்து பயறு உடைத்தோம். மத்தியானம் மாமி என்னைப் பார்த்து "உனக்கும் வயிறு காயுதே" என்று கேட்டார். காயுது என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் பரந்தன்சந்தித் தம்பி எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. மாமியும் அந்தக் கஞ்சி வரிசையில் நின்றவர்தான். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் அன்றுதான் நான் அதைக் கேட்டேன்.

ஆறாம் நாளையும் ஏழாம் நாளையும் நினைத்தால் இன்னும் வலிக்கிறது. ஏழாம் நாள்தான் கூட. அதைப் பிரார்த்தனையில் சொல்லிவிட்டேன், இனி இங்கே சொல்லவில்லை.

நேற்று பக்கத்து வயலில் அறுவடை, எங்கள் வீட்டில்தான் சமையல். முத்தையன்கட்டு ஐயா சொன்னதுபோல முதல் நாள் இரவே யோசித்தேன். இந்தத் தடவை ஐந்து பேர்தான், என்னால் முடியும் என்று நோன்போடு சமைத்தேன். குழம்பு கொதித்ததும் என் இடது கை தன்பாட்டில் விரிந்து அகப்பைக்குக் கீழே போய்விட்டது. அதற்குள் மாமி வந்து என் கையைத் தள்ளிவிட்டுத் தன் கையை நீட்டினார். விட்டேன். நக்கிப் பார்த்துவிட்டு, "உப்புக் காணும், புளிதான் கொஞ்சம் விடவேணும்" என்றார்.

இன்று பின்னேரம் நான் கிணற்றடியில் உடுப்பு அலம்பிக்கொண்டு இருந்தேன், நேரத்தைப் பார்க்கவில்லை. மாமி வாசலில் நின்று கூப்பிடுகிறார்: "பிள்ளை, சூரியன் விழுந்திட்டுது, வா, தேத்தண்ணி ஆறப்போகுது."